கரீப்பூரின் மூடுபனியும் உங்கள் திரையும்

டாங்கிப் படைகளுக்கான மின்னணுக் கட்டளைக் கருவிகளில் வேலை தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

ஆவடியிலும் பெங்களூருவிலும் வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கொல்கத்தாவுக்கு வரும்போது லேக் மார்க்கெட் பக்கம் என்னைத் தேடி வருகிறார்கள். பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து, தோளில் புதிதாக நட்சத்திரம் ஏறிய இளம் அதிகாரிகளும் வருவதுண்டு. டாங்கிக்குள் திரை வந்துவிட்டது, வரைபடம் வந்துவிட்டது, ஒவ்வொரு வண்டியும் புள்ளியாகத் தெரிகிறது, இனி நாங்கள் எதைக் கற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சிக்னல்ஸ் பிரிவில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டாங்கிக்குள் வைக்கிற திரை, கமாண்டரின் கண்ணையும் நேரத்தையும் எதிரியைப் பார்ப்பதற்காக மிச்சப்படுத்தித் தர வேண்டும். அவற்றைத் தானே விழுங்கிவிடுகிற திரை எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

1. கரீப்பூரில் தொடங்குங்கள்.

மென்பொருள் கையேட்டை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு 1971 நவம்பர் 21ஆம் தேதி காலையைப் படியுங்கள். கொல்கத்தாவுக்கு வடகிழக்கே, பன்கான் பக்கம், எல்லை உள்ளே வெளியே வளைந்து கிடக்கும் இடம் போய்ரா. அங்கிருந்து எல்லை தாண்டி ஜெசூர் போகும் திசையில் கரீப்பூர். 14 பஞ்சாப் பட்டாலியனும் 45 கேவல்ரியின் ‘சி’ ஸ்குவாட்ரனும் முந்தைய இரவில் அங்கே நிலைகொண்டன. ஸ்குவாட்ரனிடம் இருந்தவை 14 பிடி-76 டாங்கிகள். நீரில் மிதக்கக்கூடிய, கவசம் மெலிந்த, இலகுவான வண்டிகள். விடியும் நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து பாகிஸ்தானின் எம்-24 சாஃபி டாங்கிகள் காலாட்படையோடு வந்தன. சில பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. வெப்பப் பார்வைக் கருவி கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. ரேடியோவும் காதும் எஞ்சின் சத்தமும்தான் இருந்தன.

இப்போது பிடி-76இன் உள்ளே பாருங்கள். மொத்தம் மூன்று பேர். டிரைவர் முன்னே. டரெட்டில் குண்டு நிரப்புகிறவர் ஒருவர், கமாண்டர் ஒருவர். கமாண்டரே கன்னர். குறி பார்ப்பது அவர், சுடுவது அவர், டிரைவருக்கு வழி சொல்வது அவர், ரேடியோவில் பேசுவதும் அவர். ஸ்குவாட்ரன் கமாண்டர் மேஜர் தல்ஜித் சிங் நாரக் இந்த வேலைகளையெல்லாம் செய்துகொண்டே மற்ற 13 வண்டிகளையும் நடத்தினார். மூடியைத் திறந்து தலையை வெளியே வைத்துத்தான் அதைச் செய்ய முடிந்தது. மெஷின்கன் குண்டு பட்டு அங்கேயே இறந்தார். மகாவீர் சக்ரா அவருக்கு இறந்த பின் கிடைத்தது. அடுத்த நிலையில் இருந்த கேப்டன் பல்ராம் சிங் மேத்தா பொறுப்பேற்றார். சண்டை முடிந்தபோது சாஃபி ஸ்குவாட்ரன் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்திருந்தது.

இந்தச் சண்டையை வைத்து எடுத்த ‘பிப்பா’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். படம் போதாது. அந்தக் காலை வேளையை ஒரு தாளில் நிமிடம் நிமிடமாக எழுதுங்கள். யாருக்கு எது தெரியும், யாரிடமிருந்து தெரிந்தது, தெரிந்தபோது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று மூன்று பத்திகள் போடுங்கள். அந்தத் தாளில் உங்கள் திரையை எங்கே வைப்பீர்கள் என்று பிறகு யோசியுங்கள். நாரக் எந்த நொடியில் குனிந்து அதைப் பார்த்திருக்க முடியும்?

2. கமாண்டர் விழுந்த மறுநிமிடத்தை முதலில் வடிவமையுங்கள்.

நான் பார்த்த பெரும்பாலான செயல்விளக்கங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கும் போரைத்தான் காட்டின. நாரக் இறந்ததும் மேத்தாவின் குரல் அதே ரேடியோ நெட்டில் எழுந்தது, மற்ற வண்டிகள் அந்தக் குரலை ஏற்றுக்கொண்டன. அதற்கு யாருடைய அனுமதியும், எந்தக் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. உங்கள் கருவியில் அது எப்படி நடக்கும்? ஸ்குவாட்ரன் கமாண்டரின் திரையில் மட்டும் திறக்கிற பக்கங்கள் இருக்கின்றனவா? அவருடைய வண்டி எரிந்தால் அந்த அதிகாரம் எந்த வண்டிக்குப் போகும், எத்தனை நொடியில் போகும்? எதிரி கையில் ஒரு வண்டி சிக்கினால் அதிலிருந்து நெட்டைப் படிக்க முடியாதபடி யார், எங்கிருந்து துண்டிப்பார்? பதவி மாற்றமும் மறைகுறிச் சாவி அழிப்பும் பிற்சேர்க்கையாக எழுதப்பட்ட மென்பொருளை ரெஜிமென்ட் நம்பாது. நம்பவும் கூடாது. இந்தப் பகுதியை எழுத உங்களில் மிகக் கூர்மையானவரைப் போடுங்கள்.

3. கைகளை எண்ணுங்கள்.

1940இல் பிரான்ஸிடம் இருந்த டாங்கிகளில் பல, ஜெர்மன் டாங்கிகளைவிடக் கனத்த கவசம் கொண்டவை. ஆனால் அவற்றின் டரெட்டில் ஒரே ஓர் ஆள். அவரே பார்க்க வேண்டும், நிரப்ப வேண்டும், சுட வேண்டும், கட்டளையிட வேண்டும். பல வண்டிகளில் ரேடியோவே இல்லை, கொடி காட்டினார்கள். ஜெர்மானியர்கள் மூன்றாம் வகை பான்சரின் டரெட்டில் மூன்று பேரை வைத்துக் கமாண்டரைச் சுடும் வேலையிலிருந்து விடுவித்தார்கள். ரேடியோவுக்கென்றே தனியாக ஓர் ஆள் உட்கார்ந்தார். இந்த ஏற்பாட்டுக்காக வாதாடிய குடேரியன் முதல் உலகப் போரில் சிக்னல்ஸ் வேலை பார்த்தவர். எங்கள் பிரிவுக்காரர் என்பதால் அவரைப் புகழவில்லை. செய்தியைக் கையாள ஒரு மனிதக் கை வேண்டும் என்பதை டாங்கி வடிவமைப்புக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

நம்மிடம் இன்று ஓடும் டி-72, டி-90 இரண்டிலும் மூன்று பேர்தான். குண்டு நிரப்புவது இயந்திரம். ஆவடியின் அர்ஜுனில் நான்கு பேர், நிரப்புகிறவர் மனிதர். ஒரே மென்பொருளை இரண்டு வண்டியிலும் ஏற்றலாம். ஒரே வேலைப் பங்கீட்டை ஏற்ற முடியாது. ஒவ்வொரு பொத்தானுக்கும் எதிரே, சண்டை நடக்கும்போது இதை அழுத்தப்போகிற கை யாருடையது என்று எழுதுங்கள். பெயர் எழுத முடியாத பொத்தானை எடுத்துவிடுங்கள்.

4. புள்ளிக்கு வயது உண்டு. அதைக் காட்டுங்கள்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற டாங்கி ஒரு நிமிடத்தில் 500 மீட்டர் கடந்துவிடும். உங்கள் திரையில் அதன் இடம் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால், பார்க்கிறவர் பார்ப்பது அரைக் கிலோமீட்டர் பழைய செய்தியாக இருக்கலாம். மேடு பள்ளத்தில் ரேடியோ ஒருமுறை தவறினால் ஒரு கிலோமீட்டர். பளிச்சென்று நிலையாக நிற்கும் புள்ளி, இப்போது இங்கே இருக்கிறது என்று பார்ப்பவரிடம் சொல்கிறது. அது உண்மையில்லாதபோது அப்படிச் சொல்ல விடாதீர்கள். நேரம் ஆக ஆக நிறம் மங்கட்டும். அந்த நேரத்துக்குள் வண்டி போயிருக்கக்கூடிய தூரம் வட்டமாக விரியட்டும்.

தாமதத்தின் விலை என்ன என்பதை கரீப்பூருக்கு மறுநாள் இதே வானத்தில் பார்த்தோம். நவம்பர் 22 அன்று பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் போய்ரா பகுதியில் நம் துருப்புகளைத் தாக்க ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்தன. முதலில் வந்தவை தாக்கிவிட்டுத் திரும்பிய பிறகே நம் நாட் விமானங்களால் அங்கே போய்ச் சேர முடிந்தது. பிற்பகலில் ரேடார் மறுபடியும் காட்டியதும் டம்டமிலிருந்து நான்கு நாட் விமானங்கள் உடனே எழும்பின. தரையிலிருந்து ஃபிளையிங் ஆபீசர் பாக்சி ரேடியோவில் வழி சொல்ல, மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ் ஆகிய நால்வரும் சேபர்கள் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள். பாகிஸ்தான் விமானிகள் இருவர் பாராசூட்டில் இறங்கிச் சிறைப்பட்டனர். அதே விமானம், அதே ரேடார். குறைந்தது இடையில் இருந்த நேரம் மட்டுமே.

5. நண்பனைக் காட்டும் திரை எதிரியைக் காட்டுவதாக எண்ணிவிடாதீர்கள்.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கர்கள் 148 பேர் சண்டையில் இறந்தார்கள். அவர்களில் 35 பேர் தங்கள் தரப்புக் குண்டுக்கே பலியானவர்கள். பாலைவனத்தில், இரவில், தொலைதூரப் பார்வைக் கருவிக்குள் எல்லா வண்டியும் ஒரே மாதிரி தெரிந்தது. அந்தச் சாவுகள்தான் ஒவ்வொரு வண்டியையும் நீலப் புள்ளியாகக் காட்டும் கருவிக்கு வலுவான காரணமாயின. 2003இல் ஈராக்குக்குள் அது போனது, நன்றாகவும் உழைத்தது.

ஆனால் அதே போரில் ஏப்ரல் 2ஆம் தேதி பாக்தாதுக்குத் தென்மேற்கே யூப்ரடீஸ் பாலம் ஒன்றைப் பிடித்த டாங்கிப் பட்டாலியனின் கதையைப் படியுங்கள். அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் மார்க்கோன். தன் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று அவருக்குத் தெரியும். அன்றிரவு எதிரே எவ்வளவு பெரிய படை வந்துகொண்டிருந்தது என்பது அவர் திரைக்கு வந்து சேரவில்லை. மேலிடத்துக்குக் கிடைத்த தகவல் முன்வரிசைக்கு இறங்கவில்லை. மோதிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

நீலப் புள்ளி தானாக வருகிறது, ஏனென்றால் நம் வண்டி தன் இடத்தைத் தானே சொல்கிறது. சிவப்புப் புள்ளியை ஒரு மனிதர் பார்த்து, நிச்சயித்து, பதிய வேண்டும். அவர் பயந்திருப்பார், களைத்திருப்பார், ஒரே டாங்கியை இரண்டு பேர் பார்த்து இரண்டாகப் பதிவார்கள். அதனால் திரையில் வெறுமையாகத் தெரியும் இடத்துக்கு இரண்டு பொருள் உண்டு: அங்கே எதிரி இல்லை, அல்லது அங்கே யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் வேறு வேறு நிழலில் காட்டுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பல வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கும்.

6. குழாய் சிறியது.

டாங்கிகளுக்கு இடையே ஓடும் சாதாரண விஎச்எஃப் ரேடியோ வழி, கைபேசி கோபுரத்தின் வழியைப் போன்றதில்லை. நொடிக்கு 16,000 பிட் போகும் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாபைட் புகைப்படம் அதில் போய்ச்சேர எட்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு நேரம் அந்த நெட்டில் வேறு யாரும் பேச முடியாது. இடம், நேரம், வண்டி எண், மிச்சக் குண்டு ஆகியவற்றை 50 பைட்டுக்குள் அடக்கினால் ஒரு நொடியின் சிறு பகுதியே போதும். நல்ல பொறியாளர் யார் என்று கேட்டால், எதை அனுப்பக் கூடாது என்று தீர்மானிக்கத் தெரிந்தவர் என்பேன். பிரிட்டன் 2004 வாக்கில் கொண்டுவந்த பௌமன் ரேடியோவை அதன் சிப்பாய்களே, இதைவிடக் காகித வரைபடமும் நோக்கியா கைபேசியும் மேல் என்று சொன்னார்கள். எடை, சூடு, மெதுவான தரவு என்று அவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

குரல் எப்போதும் முன்னே போக வேண்டும். கமாண்டர் பேசுவதற்கு அழுத்தினால் தரவு ஒதுங்கி நிற்கட்டும்.

7. பேசுகிறவன் தன் முகவரியையும் சொல்கிறான்.

1971 டிசம்பர் 14. டாக்காவில் கவர்னர் மாளிகையில் ஒரு கூட்டம் நடக்கவிருக்கிறது என்ற செய்தியை இந்தியத் தரப்பு ரேடியோவில் ஒட்டுக்கேட்டது. அப்போது கிழக்குக் கட்டளைத் தலைமையகம் இதே கொல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கோட்டைக்கு இன்றைய பெயர் விஜய் துர்க். லெப்டினன்ட் ஜெனரல் அரோரா தளபதி, மேஜர் ஜெனரல் ஜேக்கப் அவருடைய சீஃப் ஆஃப் ஸ்டாஃப். கேட்ட செய்தி உடனே விமானப் படைக்குப் போனது. மிக்-21 விமானங்கள் கூட்டம் நடக்கும் நேரத்தில் மாளிகையைத் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநர் மாலிக் அன்றே பதவி விலகினார். இரண்டு நாளில் சரண் நடந்தது.

ஒரேயொரு செய்தி செய்த வேலை அது. இன்றைய டாங்கி, வாயே திறக்காமல் நிற்கும்போதும் சில நொடிக்கொருமுறை தன் இடத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. மறைகுறியாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கும். இங்கே ஒரு ரேடியோ இயங்குகிறது என்பதை மறைக்காது. 14 ரேடியோக்கள் ஒரே தோப்பிலிருந்து ஒழுங்கான இடைவெளியில் துடித்தால், கேட்கிறவனுக்கு அது ஒரு ஸ்குவாட்ரன் என்று புரிய அதிக நேரம் ஆகாது. உக்ரைனில் 2022 முதல் ரேடியோவும் கைபேசியும் காட்டிக்கொடுத்த தலைமையகங்கள் மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்ததை உலகமே பார்த்தது. ஆகவே மௌனம் காக்கும் நிலை உங்கள் கருவியில் ஒரே அசைவில் கிடைக்க வேண்டும். அந்த நிலையில் வண்டி கேட்டுக்கொண்டே இருக்கலாம், பேசக் கூடாது. திரையில் மற்றவர்களுடைய புள்ளிகள் பழசாகும்போது அது பழுது என்று அலறவும் கூடாது.

8. வயலும் வெயிலும்.

வங்காள மண்ணில் டாங்கி ஓட்டியவர்களிடம் கேளுங்கள். போன மழைக்காலத்துக்கு முந்தைய வரைபடத்தில் சாலை இருக்கும், தரையில் கால் புதையும் சேறு இருக்கும். ஆறு இடம் மாறியிருக்கும். வரைபடத்தில் தடித்த கோடாகத் தெரியும் வரப்பு எந்த எடையைத் தாங்கும் என்று எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. ராஜஸ்தானில் வேறு கதை: வெளிநாட்டிலிருந்து வாங்கிய வெப்பப் பார்வைக் கருவிகள் டரெட்டின் உள்சூட்டில் செயலிழந்தன. உங்கள் திரையை மே மாத நண்பகலில், மூடி சாத்திய வண்டிக்குள், எஞ்சின் நிறுத்தி பாட்டரியில் மட்டும் ஓட்டிச் சோதியுங்கள். ஜிபிஎஸ் குறுக்கீட்டில் போனால் நம் நாட்டு நாவிக் இருக்கிறது என்பீர்கள். இரண்டையும் ஒருசேர மறிக்க முடியும். ஓடிய தூரத்தையும் திரும்பிய கோணத்தையும் கணக்கிட்டு இடம் சொல்லும் பழைய முறை உள்ளே இருக்கட்டும். காகித வரைபடமும் கண்ணாடிப் பென்சிலும் வண்டியை விட்டு இறங்கவே கூடாது.

9. பெரிய கனவு எப்படிக் கலைந்தது என்று படியுங்கள்.

நம் தரைப்படையின் போர்க்கள மேலாண்மைத் திட்டத்துக்கு 2015இல் இரண்டு குழுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்றில் டாடா பவர் எஸ்இடியும் எல் அண்ட் டியும். மற்றொன்றில் பாரத் எலக்ட்ரானிக்ஸும் ரோல்டாவும். டாங்கியிலிருந்து நடந்து போகும் சிப்பாய் வரை எல்லோரையும் ஒரே வலையில் சேர்க்கும் திட்டம். சில ஆண்டுகளிலேயே செலவைக் காரணம் காட்டி மூடப்பட்டது. எனக்கு இன்னும் வருத்தம்.

ஆனால் பீரங்கிப் படைக்கான ‘சக்தி’ 2009லேயே படைக்கு வந்துவிட்டது. வான்பாதுகாப்புக்கான ‘ஆகாஷ்தீர்’ 2023 மார்ச்சில் 1,982 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாகி, 2025 மே மாத மோதலில் வேலை செய்தது. ரேடார், கேமரா, உணர்கருவிகள் தரும் செய்தியை ஒன்றாக்கிக் காட்டும் ‘சஞ்சய்’ 2,402 கோடி ரூபாய்த் திட்டம், 2025 ஜனவரி 24 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. மூன்றும் பாரத் எலக்ட்ரானிக்ஸின் வேலை. இவை நிலைத்ததற்கு என் கணிப்பு இது: ஒவ்வொன்றும் ஒரு தெளிவான கேள்விக்குப் பதில் சொல்கிறது. எந்த பீரங்கி, எந்தக் கோணத்தில், எப்போது சுட வேண்டும்? வானில் வருவது யாருடையது, யார் சுடுவது? டாங்கிப் படையின் கேள்வி இப்படிக் கணக்கில் அடங்காது. ஓடிக்கொண்டே, ஒளிந்துகொண்டே, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கேள்வி அது. அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். ஒரு ஸ்குவாட்ரனுக்கு மூன்று வசதிகள் கொடுங்கள்: நம் வண்டி எங்கே, பார்த்த எதிரி எங்கே, மிச்சக் குண்டும் எரிபொருளும் எவ்வளவு. ஒரு பயிற்சிக் காலம் முழுக்க ஓடட்டும். நான்காவதை அவர்களே கேட்பார்கள். 2021 செப்டம்பரில் ஆவடிக்குக் கிடைத்த 118 அர்ஜுன் மார்க்-1ஏ வண்டிகளுக்கான ஆணை போன்ற புதிய தொகுதிகளில், மின்கம்பியும் திரைக்கான இடமும் முதல் வரைபடத்திலேயே இருக்கட்டும். பிற்பாடு ஆணியடித்து மாட்டிய திரை முழங்காலில் இடிக்கும்.

10. இந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள்.

இந்தியாவின் முதல் தந்தி வழி 1851இல் கொல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே ஓடியது. போட்டவர் ஓஷாக்னசி என்ற மருத்துவர். 1895இல் டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். அவர் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலையைக் கொண்டுதான் இன்று சில ஏவுகணைகள் டாங்கியைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன. நாட்டின் முதல் மின்னணுக் கணினி 1950களின் நடுவில் பாராநகரில், இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து இறங்கியது. உங்கள் தொழிலின் மூன்று கால்களும் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றன. போய் வாருங்கள்.

11. தஃபேதாரிடம் கேளுங்கள்.

கர்னல் சொல்வது தேவை என்ன என்று. பயன் என்ன என்று சொல்லக்கூடியவர்கள் வண்டியிலேயே வாழும் தஃபேதார்களும் ரிசால்தார் சாப்களும். நம் படையில் ரிசால்தார்களிடம் ‘சாப்’ போட்டுப் பேசுவது மரபு. இளம் அதிகாரிகளும் பொறியாளர்களும் அதை மறக்காதீர்கள். அலுவலகத்துக்கு அழைக்காதீர்கள். வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போய், கையுறை மாட்டிக்கொண்டு, அவர் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ஹெல்மெட்டோடு திரை தெரிகிறதா, வண்டி குலுங்கும்போது விரல் சரியான இடத்தில் படுகிறதா, வெளிச்சத்தைக் குறைத்தால் இரவில் கண் கூசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, எந்தப் பொத்தானின் மேல் டேப் ஒட்டி மூடி வைத்திருக்கிறார் என்று தேடுங்கள், ஒன்றாவது இருக்கும். ஏன் ஒட்டினீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி, திரும்பியதும் உங்கள் குழுவின் பலகையில் முதல் வேலையாக ஒட்டுங்கள்.